சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தைப் போடுங்கள்

வாசகர் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்தில் பிறந்து, அங்குள்ள தமிழ்ப்பள்ளிகளில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பதில் எழுதும் பகுதி. பழைய படங்கள், ஒலிப்பதிவுகள், அவற்றைப் பள்ளியில் பயன்படுத்துவது பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தோட்ட வாழ்க்கையைப் பழைய படங்கள் மூலம் சொல்லித்தர ஆசைப்பட்டு, இணையத்தில் கிடைத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை வகுப்பில் போட்டேன். கொஞ்ச நேரத்திலேயே பிள்ளைகள் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எப்படி நடத்தினால் நல்லது, டீச்சர்? வேறு படங்கள் எங்கே கிடைக்கும்?
(தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்)

பதில்: முதலில் படத்தைக் குறையுங்கள், டீச்சர். இருபது நிமிடப் படத்தை முழுசாகப் போட்டால் எந்தப் பிள்ளையும் பேசத்தான் செய்யும். இரண்டு நிமிடத் துண்டு ஒன்று போதும். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் காட்சி இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் போடுங்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், 1940, 50களில் எடுத்த இந்த மாதிரிப் படங்களில் நாம் கேட்கும் சத்தத்தில் பெரும்பகுதி தோட்டத்தில் பதிவானது இல்லை. ஒலிப்பதிவுக் கருவி அந்தக் காலத்தில் அவ்வளவு பாரம். படத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வந்து, பிறகு ஓர் அறைக்குள் உட்கார்ந்து இசையையும் விளக்கவுரையையும் சேர்த்தார்கள். திரையில் தெரிவது நம் வீட்டுப் பெரியவர்கள், கேட்பது வேறு யாரோ ஒருவர் குரல். அந்தக் குரலை முதலில் கேட்டுவிட்டால், அது பார்க்கச் சொன்னதை மட்டும்தான் பிள்ளையின் கண் பார்க்கும்.

சத்தம் இல்லாமல் பார்க்கும்போது, கண்ணில் பட்டதை எல்லாம் பிள்ளைகள் எழுதட்டும். காலில் செருப்பு இருக்கிறதா? தலையில் துணி கட்டியிருக்கிறார்களா? யார் நிற்கிறார், யார் குனிந்திருக்கிறார்? கேமராவைப் பார்ப்பது யார், பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது யார்? இரண்டாம் தடவை சத்தத்தோடு போடுங்கள். விளக்கவுரை சொன்னதையும் தாங்கள் எழுதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். படத்தில் இருந்தும் அந்தக் குரல் சொல்லாமல் விட்டது எது? குரல் சொல்லியும் படத்தில் இல்லாதது எது? பத்து பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே புரியும்.

அதற்கு அடுத்த வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு காட்சியை அப்படியே நிறுத்தி, அதை அச்செடுத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். பால் வெட்டிய பெரியவர் யாராவது இருந்தால் காட்டி, அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு வரட்டும். நான் பள்ளியில் இருந்தபோது இப்படி எடுத்துப்போன ஒரு மாணவனின் பாட்டி படத்தைப் பார்த்ததும் கேட்டது இது: "நெழலு காலடியில கெடக்கு. உச்சி வெயில்ல எவ பால் வெட்டுவா?" பதிவில் அந்தக் குரலைக் கேட்டதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. விடியுமுன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடித்து, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு மரத்துக்குப் போவதுதான் வழக்கம். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். ஆனால் படச்சுருளுக்கு வெளிச்சம் வேண்டுமே. படக்காரர்களுக்காகப் பகலில் ஒரு தடவை வெட்டிக் காட்டியிருக்கிறார்கள் என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். படத்தைப் பற்றிய குறிப்பில் எங்கேயும் இல்லாத விஷயத்தை, பள்ளிக்கூடம் பக்கமே போகாத ஒரு பாட்டி ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் விளக்கவுரையை எடுத்துவிட்டு, பாட்டி பேச்சோடு அந்தத் துண்டை மறுபடி போட்டோம்.

எங்கே தேடுவது? அரசாங்கப் படப்பிரிவான மலாயன் ஃபிலிம் யூனிட் 1946இல் ஆரம்பித்தது. 1963இல் ஃபிலெம் நெகாரா ஆகி, 2013இல் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸோடு சேர்ந்தது. அதன் படங்கள் மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழ் விளக்கவுரையிலும் வந்தன. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க 1948இல் அறிவித்த அவசரகாலத்தில் தகவல் இலாகா வண்டி தோட்டத்துக்கு வந்து, திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியதை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் அன்று பார்த்ததைப் பேரப்பிள்ளைகள் இன்று பார்க்கலாம். பிரிட்டனில் 'கொலோனியல் ஃபிலிம்' என்ற இணையப் பட்டியல் 2010இல் வந்தது. காலனி நாடுகளில் எடுத்த 6,000க்கும் மேற்பட்ட படங்களின் விவரம் அதில் உண்டு. அவற்றில் 150 அளவு படங்களை இணையத்திலேயே பார்க்க வைத்தார்கள். பிரிட்டிஷ் பாத்தே 2014இல் தன் செய்திப்படங்கள் 85,000ஐ யூடியூபில் ஏற்றியது. தேடும்போது மலேசியா என்று போடாதீர்கள், மலாயா என்று போடுங்கள். 'சுங்கை' என்பதற்கும் அந்தக் காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டு வேறு (Sungei). அதையும் போட்டுப் பாருங்கள்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பழைய பதிவுகளில் நம் ஊர்ப் பெயரைத் தேடினால் 1948 ஜூன் 16தான் முன்னால் வந்து நிற்கும். இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்ட நாள் அது. இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அதோடு நிறுத்திவிடவும் கூடாது. 1954இல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளியைத் திறந்துவைத்ததும் இதே ஊரில்தான். அன்றைக்குக் கூட்டத்தில் சின்னப் பிள்ளையாக நின்றவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நாளும் இடமும் உறுதியாகத் தெரிந்த ஒரு நிகழ்ச்சியை நாலைந்து பெரியவர்களிடம் தனித்தனியாகக் கேட்டு வரச் சொல்லுங்கள். ஆளுக்கொரு மாதிரிதான் சொல்வார்கள். எது ஒத்துப்போகிறது, எது போகவில்லை என்று பிள்ளைகளே பிரித்துப் பார்க்கட்டும்.

கேள்வி: என் மகன் நான்காம் ஆண்டு. பள்ளியில் தாத்தாவைப் பேட்டி எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள். இதெல்லாம் பாடமா? இந்த நேரத்தில் நாலு கணக்குப் போடலாமே?
(ஒரு தகப்பனார், சுங்கை சிப்புட்)

பதில்: பாடம்தான், தம்பி. நான்காம் ஆண்டில் வரலாறு ஒரு பாடம். ஆறாம் ஆண்டில் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021இல் எடுத்தே விட்டார்கள், இப்போது வகுப்பில் பிள்ளை என்ன செய்கிறான் என்பதைத்தான் ஆசிரியர் மதிப்பிடுகிறார். ஒரு பெரியவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்டு, அதிலிருந்து அடுத்த கேள்வியை எடுத்து, பிறகு தன் சொந்த வாக்கியத்தில் எழுதும் பிள்ளைக்குத் தமிழ்க் கட்டுரை தானாக வரும். கணக்கும் போடட்டும். தாத்தாவிடம் அன்றைய நாள் சம்பளம் எவ்வளவு, அரிசி என்ன விலை என்று கேட்டால் கணக்கும் அதிலேயே வந்துவிடும்.

கேள்வி: தாத்தா இறந்த பிறகு அவர் பெட்டியில் ஒரு மைலோ டின் நிறையக் கேசட்டுகள் கிடைத்தன. பாதி வானொலியிலிருந்து பிடித்த பாட்டுகள். அந்தப் பாட்டெல்லாம் யூடியூபில் இருக்கிறதே, வைத்திருந்து என்ன பயன்? சிலவற்றில் வெள்ளையாகப் பூசணம் பிடித்திருக்கிறது.
(கல்லூரி மாணவர், பீடோர்)

பதில்: தம்பி, தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாட்டு எங்கேயும் கிடைக்கும். பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் வாசிக்கிறாரே, இந்தத் தோட்டத்திலிருந்து இன்னார், இன்னார் குடும்பம், பிறந்தநாள் காணும் பேத்திக்கு என்று, அது வேறு எங்கும் கிடைக்காது. அப்படிப் பெயர் வாசித்த தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதியாகவும் செம்பனையாகவும் மாறிவிட்டன. தொழிலாளர் குடியிருந்த லயம் இல்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை இல்லை, பெயர்ப்பலகைகூட இல்லை. வானொலியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசித்த பெயர்ப்பட்டியல் உங்கள் மைலோ டின்னில் இருக்கிறது. பாட்டை வேண்டுமானால் தாண்டிப் போங்கள், பேச்சைத் தாண்டாதீர்கள்.

பூசணம் பிடித்ததை எந்தக் காரணத்துக்காகவும் இப்போது ஓட்டிப் பார்க்காதீர்கள். ஓட்டினால் கருவிக்குள்ளும் மற்றக் கேசட்டுகளிலும் பரவும், மூச்சுக்கும் கெடுதல். அவற்றைத் தனியாக ஒரு பையில் போட்டு மூடிவையுங்கள். அவை தெரிந்தவர் கையால் சுத்தம் செய்யப்பட வேண்டியவை.

நல்லதாக இருப்பவற்றுக்கு முதல் வேலை, மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் தாழ்களை உடைத்துவிடுவது. அப்புறம் தெரியாமல்கூட அதன்மேல் வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. நாடா தொய்ந்திருந்தால் பென்சிலை விட்டு மெதுவாகச் சுற்றி இறுக்குங்கள். ஓட்டும் கருவியின் தலையைச் சுத்தமான ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். நூற்றிருபது நிமிடக் கேசட்டுகளின் நாடா மிக மெல்லியது. அவற்றை முன்னும் பின்னும் வேகமாக ஓட்டாதீர்கள், ஒரே தடவையில் பதிவு செய்துவிடுங்கள். கணினியில் ஏற்றும்போது எம்பி3 ஆக வேண்டாம், வேவ் கோப்பாக, 24 பிட், குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். ஒலிக் காப்பகங்கள் பின்பற்றும் குறைந்தபட்ச அளவு அது. பிரதி மூன்று இருக்கட்டும், அதில் ஒன்றாவது வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

சீக்கிரம் செய்யுங்கள். காந்த நாடாவில் இருப்பதை 2025க்குள் கணினிக்கு மாற்றாவிட்டால் பெரும்பாலானவற்றை இழந்துவிடுவோம் என்று ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015லேயே எச்சரித்தது. நாடா கெடுவது ஒரு காரணம், அதை ஓட்டும் கருவியும் பழுதுபார்க்கும் ஆளும் கிடைக்காமல் போவது இன்னொரு காரணம். குளிர் அறையில் வைத்த நாடாவுக்கே அந்தக் கதி என்றால், நம் புழுக்கத்தில் அலமாரி மேல் கிடக்கும் நாடாவை யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: மகள் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். பேரனைப் பள்ளியிலிருந்து கான்பராவில் உள்ள படம், ஒலிக் காப்பகத்துக்கு அழைத்துப் போனார்களாம். பழைய படம் பார்க்கவா பிள்ளைகளை அவ்வளவு தூரம் கூட்டிப்போவது? நம் பக்கம் இப்படி எதுவும் செய்ய முடியுமா?
(ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்), கோல கங்சார்)

பதில்: ஐயா, நாடாக்களைப் பற்றி எச்சரித்தது என்று போன பதிலில் சொன்னேனே, அதே காப்பகத்தைத்தான் கேட்கிறீர்கள். 1984இல் அது தனி நிறுவனமானது. முன்பு உடற்கூறியல் கழகம் இருந்த கட்டடத்தில் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போவதில் அர்த்தம் இருக்கிறது. 1906இல் ஆஸ்திரேலியாவில் ஒரு படம் எடுத்தார்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. இன்று மிஞ்சியிருப்பது ஏறத்தாழ 17 நிமிடம். மீதி எங்கே போயிற்று, எப்படிப் போயிற்று என்று ஒரு பிள்ளை கேட்டால் அன்றைய பாடம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது ஒரு பெண்ணின் குரல். ஃபேனி காக்ரன் ஸ்மித் என்று டாஸ்மேனியாவின் பழங்குடிப் பெண்மணி. 1899இலும் 1903இலும் மெழுகு உருளையில் தம் மக்களின் பாட்டுகளைப் பாடிப் பதிவு செய்தார். 1905இல் இறந்துவிட்டார். டாஸ்மேனியப் பழங்குடி மொழிப் பேச்சும் பாட்டும் ஒலியாக மிஞ்சியிருப்பது அவர் குரலில் மட்டும்தான். அவர் பெரிய ஒலிக்குழாய்க்கு முன்னால் உட்கார்ந்து பாடும் புகைப்படமும் இருக்கிறது. நூறு வருஷம் கழித்து அதே மக்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் மொழியை மீட்டெடுக்க உட்கார்ந்தபோது இந்தப் பதிவுகள் கையில் இருந்தன. வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டி இந்தக் கதையைச் சொன்னால், வீட்டிலிருக்கும் பாட்டியின் பேச்சு எவ்வளவு பெரிய விஷயம் என்று பிள்ளைக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

நம் பக்கம் 1957லிருந்து ஆவணக் காப்பகம் இருக்கிறது, ஆர்க்கிப் நெகாரா. எழுத்தாவணத்தோடு படமும் ஒலியும் அங்கே உண்டு. சிங்கப்பூர்த் தேசியக் காப்பகத்தில் 1979லிருந்து வாய்மொழி வரலாற்றுப் பிரிவு இயங்குகிறது, பல பேட்டிகளை இணையத்திலேயே கேட்கலாம். பிள்ளைகளைக் கோலாலம்பூருக்குப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய், கண்ணாடிப் பெட்டிகளைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கூட்டிவரும் பயணம் எனக்குச் சம்மதம் இல்லை. முன்கூட்டியே எழுதி, எங்கள் பிள்ளைகள் ரப்பர்த் தோட்டத்தைப் படிக்கிறார்கள், இன்ன ஆண்டுகள், இன்ன வட்டாரம், மூன்று நான்கு பதிவுகள் போதும் என்று கேளுங்கள். போவதற்கு முன்பே வகுப்பில் அவற்றைப் பற்றிப் பேசிவிடுங்கள். தமிழில் விளக்கம் வேண்டும் என்பதையும் கடிதத்தில் எழுதுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் அந்தக் கடிதத்துக்கு ஒரு கனம் வரும். கோல கங்சாரில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா, 1877இல் நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று மாவட்ட அலுவலகத்துப் பக்கம் மரமாக நிற்கிறதே. தொடங்க அதைவிட நல்ல இடம் ஏது? நீங்களே அங்கே நின்று பிள்ளைகளுக்குச் செக்ரோல் (வேலையாள் பதிவேடு) எப்படி எழுதினீர்கள் என்று சொல்லலாம்.

கேள்வி: எனக்கு விவரம் தெரியுமுன்னே அப்பாவைச் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. அம்மா சொன்னதுதான் எனக்குத் தெரியும். பேத்தியின் பள்ளியில் வந்து பேசச் சொல்கிறார்கள், பதிவும் செய்வார்களாம். நான் கண்ணால் பார்க்காததைப் பேசலாமா? நடுவில் அழுதுவிட்டால் பிள்ளைகள் பயந்துவிடாதா?
(ஒரு பாட்டி, சுங்கை சிப்புட்)

பதில்: அக்கா, அவசியம் போய்ப் பேசுங்கள். "அம்மா சொன்னது" என்று சொல்லியே பேசுங்கள், அது போதும். எது அம்மா வாயால் கேட்டது, எது அக்கம்பக்கத்தில் கேட்டது, எது உங்களுக்கே ஞாபகம் என்று பிரித்துச் சொன்னால், பிள்ளைகளுக்கு அதுவே பெரிய பாடம்.

போர்க்காலத்தில் ஜப்பானியர் சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க, 1942இல் தொடங்கி 1943 அக்டோபருக்குள் 415 கிலோமீட்டர் பாதையைக் காட்டையும் மலையையும் அறுத்துப் போட்டார்கள். 60,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளும் அவர்களைவிட மிக அதிகமான ஆசியத் தொழிலாளர்களும் அதில் வேலை செய்தார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். கைதிகளில் சிலர் ஒளித்து நாட்குறிப்பு எழுதினார்கள், படம் வரைந்தார்கள், ஊர் திரும்பியதும் புத்தகம் போட்டார்கள். அந்தப் பாதையைப் பற்றி உலகம் பார்க்கும் படங்களில் பெரும்பகுதி அவர்களுடையது. நம் ஆட்களுக்குத் தாளும் இல்லை, பென்சிலும் இல்லை. திரும்பி வராதவர்களின் வீட்டில் என்ன நடந்தது, அந்தக் குடும்பம் எப்படிச் சாப்பிட்டது, அம்மா எத்தனை வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் உங்களைப் போன்றவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

போவதற்கு முன்னால் ஆசிரியரிடம் சில விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதிவின் ஒரு பிரதி உங்களுக்கு வர வேண்டும். அதை யாரெல்லாம் கேட்கலாம், இணையத்தில் போடலாமா கூடாதா என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், சம்மதம் உங்களுடையது. நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்த வேண்டும். பக்கத்தில் மகளோ பேத்தியோ உட்காரட்டும். பேச்சு அரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்.

அழுகை வந்தால் வரட்டும், அக்கா. பாட்டி அழுதால் என்ன செய்வது என்று ஆசிரியர் முதல் நாளே பிள்ளைகளிடம் பேசி வைத்திருக்க வேண்டும். அது அவர் வேலை. சும்மா இருந்து காத்திருக்கச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் இருப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன். அப்பாவின் புகைப்படம் ஏதாவது இருந்தால் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் அவர் பெயரைக் கரும்பலகையில் எழுதச் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்.

கேள்வி: டீச்சர், உலகத்திலேயே ரொம்பப் பழைய குரல் எது? நான் என் பாட்டியைக் கைப்பேசியில் பதிவு செய்தால் அதுவும் அவ்வளவு நாள் இருக்குமா?
(ஆறாம் ஆண்டு மாணவி, சுங்கை சிப்புட்)

பதில்: நல்ல கேள்வி, கண்ணு. 1860இல் பிரான்சில் ஒருவர் புகை படிந்த காகிதத்தில் ஒலி அலையைக் கோடாக வரைய வைத்தார். ஒரு நாட்டுப்பாடலின் சில விநாடிகள். அதைத் திரும்பக் கேட்க முடியும் என்று அவர் நினைக்கவே இல்லை, கோட்டைக் கண்ணால் பார்ப்பதுதான் அவர் நோக்கம். 2008இல் ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கோட்டைக் கணினியில் ஏற்றிக் குரலாக்கிவிட்டார்கள். பதிவு செய்ததைத் திரும்பவும் கேட்கும் கருவியை எடிசன் 1877இல்தான் செய்தார். உன் ஊருக்குப் பக்கத்தில் கோல கங்சாரில் ரப்பர்க் கன்று நட்ட அதே வருஷம்.

உன் பாட்டி குரல் இருக்குமா என்பது நீ செய்வதைப் பொறுத்தது. விமானப் பயன்முறையைப் போடு, நடுவில் அழைப்பு வராது. மின்விசிறியை நிறுத்து, தொலைக்காட்சியை நிறுத்து, சமையலறையில் உட்காராதே, குளிர்சாதனப் பெட்டி இரையும். கைப்பேசியை மேசையில் வைக்காமல் ஒரு துண்டை மடித்து அதன்மேல் பாட்டிக்குப் பக்கத்தில் வை. பாட்டி பேசும்போது 'ம்ம்' கொட்டாதே, தலையை மட்டும் ஆட்டு. அது என்ன வேலை, எப்படிச் செய்வீர்கள், கையில் என்ன இருக்கும் என்று கேள். 'கஷ்டமா இருந்துச்சா?' என்று கேட்டால் 'ஆமா' என்பதோடு முடிந்துவிடும்.

முடிந்ததும் அதை வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பாதே, சுருங்கித் தரம் குறைந்துவிடும். ஆவணமாக அனுப்பு, அல்லது கணினியில் ஏற்று. ஒரு பிரதி அப்பாவிடம், ஒன்று பள்ளியில். பேச ஆரம்பிக்கும்போதே தன் பெயர், பிறந்த தோட்டம், இன்றைய தேதி மூன்றையும் பாட்டியையே சொல்லச் சொல்லு. கோப்பின் பெயரை யாராவது மாற்றிவிட்டாலும், யார் பேசுவது என்று கேட்பவருக்குத் தெரியும்.